ஹேண்ட் கிரைண்டர் அதிர்வு: அளப்பது எப்படி, குறைப்பது எப்படி

கோவையில் காஸ்டிங் பிசிறு எடுக்கும் பட்டறையானாலும் சரி, மாமல்லபுரத்துச் சிற்பக்கூடமானாலும் சரி, தெருமுனையில் கிரில் கேட் செய்யும் கடையானாலும் சரி, பகல் முழுக்கக் கையில் இருப்பது அந்த நான்கு அங்குல ஹேண்ட் கிரைண்டர்தான். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறக்கி வைத்தால் விரல் நுனியெல்லாம் குறுகுறுவென்று இருக்கும். அதற்கு நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கமாகச் செய்யும் வைத்தியம், ஹேண்டிலில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுவது. அது பெரும்பாலும் பலன் தருவதில்லை. சில சமயம் நிலைமையை மோசமாக்கவும் செய்யும். ஏன் என்று பின்னால் வருகிறது. அதிர்வு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்த்துவிட்டு, பிறக்கும் இடத்திலேயே முதலில் கைவைக்க வேண்டும். ரப்பர் அதற்கப்புறம்தான்.

இந்தக் கட்டுரை பட்டறை சூப்பர்வைசர்களுக்கும், கைக்கருவி வடிவமைக்கத் தொடங்கும் மாணவர்களுக்கும். ஆய்வகக் கருவி எதுவும் தேவையில்லை. கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் கணக்கு தெரிந்தால் போதும்.

முதலில், எதை அளக்கிறோம்?

அதிர்வுள்ள கருவிகளை ஆண்டுக்கணக்கில் பிடிப்பவர்களின் விரல்களில் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் பழுதாகின்றன. 1918-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் பெட்ஃபோர்டில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். குளிர் பட்டதும் அவர்களுடைய விரல்கள் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவு செய்தார். நம் ஊர் வெயிலில் விரல் வெளுப்பது எளிதில் கண்ணில் படாது. மரத்துப்போவது, குறுகுறுப்பு, பிடி தளர்வது ஆகியவைதான் முதலில் தெரியும். வெளுக்கவில்லையே என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

அளவீட்டுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றுவது ஐஎஸ்ஓ 5349 தரநிலை. கைப்பிடியின் முடுக்கத்தை மூன்று திசைகளில் அளந்து, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓர் எடை (அதை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்று சொல்லும் பெருக்கெண்) கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அலகு மீட்டர்/விநாடி². எடை போடுவதன் சாரம் இதுதான்: 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய முழு எடை, அதற்கு மேலே அதிர்வெண் இரட்டிப்பானால் எடை பாதியாகும். கிரைண்டர் ஓடும் 183 ஹெர்ட்ஸில் (நிமிடத்துக்கு 11,000 சுற்று) அந்த எடை 0.087 அளவுதான்.

இந்த எடைமுறை விரல் ரத்தக்குழாய்க்கு நேரும் பாதிப்பைக் குறைத்துக் காட்டுகிறது என்ற விமர்சனம் நெடுநாளாக உண்டு. அதனால்தான் 2017-ல் ஐஎஸ்ஓ/டிஆர் 18570 என்று தனியாக ஒரு துணை முறையை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் உங்களுக்கு 5349 போதும். ஆனால் எண் சிறியதாக வந்துவிட்டது என்பதற்காக விரல் சொல்வதைக் கேட்காமல் விடாதீர்கள்.

அளவு எவ்வளவு இருக்கலாம்?

இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/44/இசி ஆணையை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் வேலையை எட்டு மணி நேரத்துக்குச் சராசரியாக்கிய மதிப்பு 2.5-ஐத் தொட்டால் நடவடிக்கை தொடங்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது.

இந்தச் சராசரிக்காகத் தினமும் வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் பிரிட்டனில் புள்ளிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கும் அளவுக்கு எளியது. கருவியின் அதிர்வு எண்ணை அதனாலேயே பெருக்கி, வருவதை இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான புள்ளி கிடைக்கும். 100 புள்ளியில் எச்சரிக்கை, 400-ல் நிறுத்தம். கருவி 6 மீட்டர்/விநாடி² என்றால் மணிக்கு 72 புள்ளி. சுமார் ஒரு மணி இருபத்து மூன்று நிமிடத்தில் எச்சரிக்கை எல்லை வந்துவிடும், ஐந்தரை மணி நேரத்தில் உச்ச எல்லை. அதே கருவியை 4-க்குக் கொண்டுவந்தால் மணிக்கு 32 புள்ளிதான். எச்சரிக்கை எல்லையை எட்ட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிர்வை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் பாதுகாப்பான நேரம் இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது. சின்னச் சின்னத் திருத்தங்களுக்குக் கூட மெனக்கெடலாம் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நேரம் என்றால் கருவி உண்மையில் ஓடும் நேரம். "காலையிலிருந்து கிரைண்டிங்தான் ஸார்" என்று சொல்பவரின் கையில் கருவி ஓடிய நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், வேலை நேரத்தில் பாதிகூட இராது. இதை ஊகிக்காதீர்கள். பக்கத்தில் நின்று ஒரு ஷிஃப்ட் முழுக்க எண்ணுங்கள்.

சென்சார்: கைபேசி ஏன் ஆகாது

எல்லோரும் முதலில் யோசிப்பது கைபேசியைத்தான். கைபேசியின் சென்சார்களை அளவுகருவியாக்கும், ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்து ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம், நல்ல செயலி, நானே பரிந்துரைப்பேன். ஆனால் கிரைண்டருக்கு வேண்டாம். நிமிடத்துக்கு 11,000 சுற்று என்றால் விநாடிக்கு 183. ஆண்ட்ராய்டு 12-லிருந்து, தனி அனுமதி கேட்காத செயலிகளுக்கு முடுக்க சென்சார் விநாடிக்கு 200 மாதிரிக்கு மேல் கொடுக்காது. 200 மாதிரியில் 100 ஹெர்ட்ஸ் வரைதான் நேர்மையாகப் பார்க்க முடியும். சென்சாரின் உள்வடிகட்டி சரியாகத் தடுக்காவிட்டால் அந்த 183 ஹெர்ட்ஸ், வரைபடத்தில் 17 ஹெர்ட்ஸாக வேடமிட்டு வந்து நிற்கும். 17 ஹெர்ட்ஸுக்குக் கிட்டத்தட்ட முழு எடை. விடை பத்து மடங்கு வரை எகிறிப்போகும். இல்லாத பேயைத் தேடி அலைவீர்கள். போதாதற்கு, மோட்டார் பைக் அதிர்வே கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-ல் எச்சரித்தது. கிரைண்டரில் கட்டினால் கேமரா என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஏடிஎக்ஸ்எல்345 என்ற சிறிய சென்சார் போர்டும் அதன் அளவுகளைப் பதிய இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். இந்தச் சென்சார் விநாடிக்கு 3,200 மாதிரி எடுக்கும், 16 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 16 மடங்கு) வரை அளக்கும். அந்த வேகம் வேண்டுமென்றால் எஸ்பிஐ முறையில்தான் இணைக்க வேண்டும். ஐ2சி இணைப்பு ஈடுகொடுக்காது. மின்சாரத்துக்குப் பவர்பேங்க். மெயின் லைனோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. சென்சாரை மேஜையில் ஆறு பக்கமாகவும் திருப்பி வையுங்கள். மேலே பார்க்கும் அச்சு +9.8, கவிழ்த்தால் -9.8 காட்ட வேண்டும். அது வராவிட்டால் மேற்கொண்டு எதையும் நம்பாதீர்கள்.

இந்த அமைப்பு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு: நேற்றைக்கும் இன்றைக்கும், இந்த வீலுக்கும் அந்த வீலுக்கும். சட்டப்படி அறிக்கை தரவேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 8041-க்கு ஏற்ற மீட்டர் தேவை. கான்கிரீட் உடைக்கும் பிரேக்கருக்கும் இதைக் கட்டாதீர்கள். அதன் அடி நூற்றுக்கணக்கான ஜி-க்குப் போகும், 16 ஜி சென்சார் அப்படியே முட்டி நின்றுவிடும்.

கட்டுவது

அளவீட்டில் பாதிப் பிழை இங்கேதான் நுழைகிறது. சென்சார் கைப்பிடியோடு ஓர் உறுப்பாக ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஸ்பாஞ்ச், இரட்டைப் பக்க டேப் எதுவும் கூடாது. அவை தாமே ஒரு ஸ்பிரிங்காக ஆடும். சிறிய அலுமினியக் கட்டையில் சென்சாரைத் திருகி, அந்தக் கட்டையை ஹோஸ் கிளிப்பால் கைப்பிடியில் இறுக்குங்கள். ஹேண்டிலில் ரப்பர் உறை இருந்தால், அது முழுதாக நசுங்கும் வரை இறுக்க வேண்டும். கட்டை எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது, சில கிராம் போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே இதெல்லாம். ஒயரைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே டேப் போட்டு அடக்குங்கள். ஆடுகிற ஒயர் டிஸ்க்கில் சிக்கினால் சென்சாரோடு விரலும் போகும்.

இரண்டு இடம் அளக்க வேண்டும்: பக்கவாட்டு ஹேண்டில், பின்கை பிடிக்கும் உடல்பகுதி. இரண்டில் எது அதிகமோ அதுதான் அந்தக் கருவியின் எண்.

ஓட்டிப் பார்ப்பது

உண்மையான வேலையைச் செய்தபடியே அளங்கள். காற்றில் சும்மா ஓடவிட்டு எடுத்த எண் வேலை நேரத்து எண் அல்ல. அதே ஆள், அதே வீல், அதே இரும்பு. எட்டு விநாடிக்குக் குறைந்த துண்டுப் பதிவுகளை நம்ப முடியாது. குறைந்தது மூன்று முறை, மொத்தம் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பதியுங்கள். முறைக்கு முறை எண்கள் தாறுமாறாக இருந்தால் கட்டுவதில் கோளாறு, அல்லது ஆள் பிடிக்கும் விதம் மாறுகிறது. இன்னொன்று: பதிவில் எந்த அச்சாவது 16 ஜி-யில் முட்டித் தட்டையாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தப் பதிவைக் குப்பையில் போடுங்கள்.

பதிவைக் கணினிக்கு மாற்றி எஃப்எஃப்டி (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போடுங்கள். பைத்தானில் நம்பை நூலகம் போதும். 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை (புவியீர்ப்பின் 9.8 அங்கேதான் இருக்கும்) விட்டுவிட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணின் மதிப்பையும் 16 ஹெர்ட்ஸுக்கு மேலே 16-ஐ அந்த அதிர்வெண்ணால் வகுத்து வரும் எண்ணால் பெருக்கினால் ஏறக்குறைய எடை போட்டதாகும். மூன்று அச்சுகளின் வர்க்கச் சராசரி மூலத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் விடை.

விடையைக் காட்டிலும் வரைபடம்தான் அதிகம் பேசும். 183 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் (லோடு ஏறினால் 140, 150-க்கு இறங்கும்) ஒற்றை முகடு உயர்ந்து நின்றால் சுழலும் பாகத்தில் சமநிலைக் கோளாறு. 500 ஹெர்ட்ஸுக்கு மேல் முகடு என்றால் மோட்டார் ஆர்மேச்சர் பக்கம் சந்தேகப்படலாம். மோட்டார் வீலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சுழல்கிறது. அதற்கும் மேலே ஆயிரக்கணக்கில் இருப்பது கியர் பல் சத்தம் (3,200 மாதிரியில் 1,600 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்க முடியும் என்பதால் நம் வரைபடத்தில் அது சரியாக வராது). காதுக்கு நாராசமாக இருக்கும், எடை போட்ட எண்ணில் அதன் பங்கு அற்பம். காதுக்குப் பயங்கரமாகத் தோன்றுவதும் கைக்குக் கெடுதலானதும் ஒன்றல்ல என்பது இங்கே தெரியும்.

பிறக்கும் இடத்தில் குறைப்பது

வீலில் நான்கு சென்டிமீட்டர் தொலைவில் ஒரே ஒரு கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 11,000 சுற்றில் அது உண்டாக்கும் இழுவிசை 53 நியூட்டன், ஐந்து கிலோவுக்கு மேல், விநாடிக்கு 183 முறை திசை மாற்றிக்கொண்டே. 1.8 கிலோ எடையுள்ள கருவியில் அது மட்டுமே ஒரு திசையில் ஏறக்குறைய 1.8 மீட்டர்/விநாடி² எடைபோட்ட அதிர்வைச் சேர்க்கும். தோராயக் கணக்குதான், ஆனால் ஒரு கிராமின் வலிமை புரிந்துவிடும்.

ஆகவே வீலைக் கழற்றுங்கள். நடுவளையத்தில் அச்சிட்ட காலாவதி மாதத்தைப் பாருங்கள். ரெசின் பிணைப்பு வீல்களுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா, துளை வட்டமாக இருக்கிறதா? பிளான்ஜில் ஒட்டியிருக்கும் பொடியைத் துடைத்துவிட்டு அது வளையாமல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் வீலுக்கு 16 மில்லிமீட்டர் துளை, 115, 125-க்கு 22.23. பெரிய துளை வீலை எப்படியோ நடுவில் நிறுத்தி நட்டை முடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதிர்வை விடுங்கள், அது உயிருக்கே ஆபத்து. வீலை மூடும் பாதுகாப்புக் கவசத்தை (கார்டு) கழற்றிவிட்டுப் பெரிய வீல் போடுவதும் அப்படித்தான்.

அப்புறம் செலவில்லாத ஒரு வித்தை. ஸ்பிண்டிலுக்கும் ஒரு சாய்வு இருக்கும், வீலுக்கும் ஒரு சாய்வு இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் விழுந்தால் கூடும், எதிரெதிராக விழுந்தால் கழியும். நட்டைத் தளர்த்தி வீலைக் கால்வட்டம் திருப்பி மறுபடி இறுக்கி அளங்கள். நான்கு நிலைகளில் மிகக் குறைவாக வந்ததை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீலுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். எல்லா வீலுக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. கை கூசும் வீலுக்கு மட்டும்.

விலையுயர்ந்த சில தொழிற்சாலை கிரைண்டர்களில் இந்த வேலையைக் கருவியே செய்துகொள்ளும். ஸ்பிண்டிலில் உருண்டைகள் அடைத்த ஒரு வளையம் இருக்கும். வேகம் ஏறியதும் உருண்டைகள் தாமாகக் கனமான பக்கத்துக்கு எதிரே போய் நிற்கும். காஸ்டிங் பிசிறு எடுப்பதே முழுநேர வேலையாக உள்ள இடங்களுக்கு இது வாங்கத் தகுந்த ஒன்று.

வீலை மாற்றியும் முகடு இறங்காவிட்டால் பேரிங், ஸ்பிண்டில். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் ரிப்பேர் கடைக்கு அனுப்புங்கள்.

இப்போது ரப்பர்

சைக்கிள் டியூப் ஏன் தோற்கிறது? ஒவ்வொரு ரப்பர் இணைப்புக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம்) உண்டு. கருவியின் அதிர்வெண் அதைப்போல் 1.41 மடங்கைத் தாண்டினால்தான் அதிர்வு குறையவே தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் கூடும். மெல்லிய, கெட்டியான ரப்பர் உறை போட்டு இயல்பு அதிர்வெண் 150-ல் நிற்கிறது என்றால், 183-ல் அதிர்வு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அதையே 45-க்கு இறக்கினால் கணக்குப்படி நூற்றில் ஆறு பங்குதான் கடந்து வரும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. கையின் எடை, ஹேண்டிலின் வளைவு எல்லாம் குறுக்கே வரும். பாதியாகக் குறைந்தாலே கொண்டாடலாம்.

45-க்கு இறங்க எவ்வளவு மென்மை வேண்டும்? ஹேண்டிலும் கையும் சேர்ந்து 400 கிராம் என்று எடுத்தால், ஒரு மில்லிமீட்டர் அமுங்க 32 நியூட்டன் தேவைப்படும் அளவு. அதாவது ஐந்து கிலோ அழுத்தினால் ஒன்றரை மில்லிமீட்டர் நகரும். கையாலேயே சோதிக்கலாம். அதைவிட மிக மென்மையாக்கினால் வீல் எங்கே போகிறது என்று கைக்குத் தெரியாது, பிடிமானம் போய்விடும். நான் அதிர்வுக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவே கட்டுப்பாட்டின் பக்கம்தான் எப்போதும் சாய்வேன்.

ரப்பரை உறையாகச் சுற்றாமல், ஹேண்டிலுக்கும் கருவி உடலுக்கும் நடுவில் புஷ்ஷாக வையுங்கள். ரப்பர் நசுங்கும்போது கெட்டி, பக்கவாட்டில் சறுக்கி இழுபடும்போது மென்மை. ஆகவே இழுபடும்படி வடிவமைத்தால் சிறிய துண்டிலேயே வேலை முடியும். இயற்கை ரப்பர் நன்றாக உழைக்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊறிக் கெடும். கிரீஸ் நடமாடும் பட்டறைக்கு நைட்ரைல். மறக்கக் கூடாதது ஒன்று: ரப்பர் அறுந்தாலும் ஹேண்டில் கையோடு கழன்று வராதபடி உள்ளே ஓர் எஃகுக் கம்பியோ தடுப்போ இருக்க வேண்டும். அது இல்லாத வடிவமைப்பைப் பட்டறைக்குள் விடாதீர்கள்.

தணிப்பு (ஆட்டத்தை உறிஞ்சி அடக்கும் தன்மை) அதிகமாக உள்ள பொருளைப் போட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தணிப்பு உதவுவது ஒத்ததிர்வுக்கு, அதாவது கருவியின் அதிர்வெண்ணும் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாகும் இடத்துக்குப் பக்கத்தில், கருவியை ஆன் செய்து வேகம் ஏறும் அந்த நொடியில். முழு வேகத்தில் அதே தணிப்பு அதிர்வைக் கொஞ்சம் கூடுதலாகவே கடத்தும். மிதமாகப் போதும்.

ஒரே அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்த சிறு எடையைத் தொங்கவிட்டு அதிர்வை விழுங்க வைக்கும் முறையும் உண்டு. சலூனில் பார்க்கும் காந்தவகை முடிவெட்டும் மெஷினுக்கு அது பொருந்தும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது எப்போதும் 100-லேயே அதிரும். லோடுக்கு ஏற்ப வேகம் மாறும் கிரைண்டருக்குச் சரிப்படாது.

கையுறை

அதிர்வுத் தடுப்புக் கையுறை என்று விற்பவற்றுக்கு ஐஎஸ்ஓ 10819 என்ற சோதனை இருக்கிறது. தேறுவதற்கு 25 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில் பத்தில் ஒன்பது பங்கு கடந்துபோனாலும் பரவாயில்லை. 200-க்கு மேலேதான் 0.6 என்று கெடுபிடி. நம் கிரைண்டரின் முகடு 140 முதல் 183 வரை. லாபம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு அந்தச் சோதனை உள்ளங்கையில் செய்வது, விரலில் அல்ல. வெட்டுக்கும் தீப்பொறிக்கும் கையுறை போடுங்கள், இறுக்கமாகப் பொருந்துவதைப் போடுங்கள். அதிர்வுக் கணக்கில் அதற்காக ஒரு புள்ளியும் கழிக்காதீர்கள்.

பிடிப்பவரைக் கவனிப்பது

இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறும். புதிதாக வருபவர்கள் பயத்தில் இறுக்கித்தான் பிடிப்பார்கள். ஒரு வாரம் பக்கத்தில் நின்று "தளர்த்திப் பிடிப்பா, வீல் தன் வேலையைப் பார்த்துக்கும்" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மழுங்கிய வீல் அழுத்தச் சொல்லும், அழுத்தினால் பிடி இறுகும். வீலில் மிச்சம் பிடிப்பது சிக்கனமல்ல.

இரவில் கை மரத்துத் தூக்கம் கலைவது, சட்டைப் பட்டன் போடத் தடுமாறுவது, தரையில் விழுந்த நாணயத்தை எடுக்க முடியாமல் போவது ஆகியவற்றை மாதம் ஒரு முறை ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஆமாம் என்றால் அவரைக் கிரைண்டரிலிருந்து மாற்றி மருத்துவரிடம் அனுப்புங்கள். எந்தக் கருவியை எத்தனை மணி நேரம் பிடிக்கிறார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புவது மருத்துவருக்குப் பெரிய உதவி.

கருவிக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வீல் வகை, இரண்டு கைப்பிடிகளின் எண்கள், என்ன மாற்றினோம். ரப்பர் புஷ் நாளாக நாளாகக் கெட்டிப்படும், வெடிக்கும்; எண் ஏறத் தொடங்கினால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், மாற்றிய அன்றே மறுபடி அளந்து நோட்டில் ஏற்ற வேண்டும்.